மேக்கா, டூவா, டேக்கா? ஸ்கெல் தளம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்

கையெழுத்துப் போடுகிறோம், ஓய்வு எடுக்கிறோம், மூச்சு விடுகிறோம், கனவு காண்கிறோம், தேர்வு எழுதுகிறோம். 'ஒரு தூக்கம் போட்டேன்' என்றால் சரி, 'ஓய்வு போட்டேன்' என்றால் காது ஏற்காது. ஏன் என்று கேட்டால் இலக்கண விதி எதையும் காட்ட முடியாது. பெயருக்கும் வினைக்கும் காலங்காலமாக இருக்கும் உறவு அது.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். மேக், டூ, டேக், ஹேவ், கிவ், கெட், கோ ஆகிய ஏழெட்டு வினைகளும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்தவை. பட்டம் பெற்றவரும் தடுக்கி விழுவது இவற்றில்தான், ஏனென்றால் பொருள் தெரிந்த சொல்லை யாரும் அகராதியில் தேடுவதில்லை. தப்பு செய்தேன் என்பதை 'டூ எ மிஸ்டேக்' என்றும், பொய் சொன்னான் என்பதை 'சே எ லை' என்றும், கனவு கண்டேன் என்பதை 'சீ எ ட்ரீம்' என்றும் தமிழ் வினையைப் பிடித்துக்கொண்டே எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அவை முறையே 'மேக் எ மிஸ்டேக்', 'டெல் எ லை', 'ஹேவ் எ ட்ரீம்'. உருவாக்கினால் மேக், செயலைச் செய்தால் டூ என்று பள்ளியில் சொல்லித்தரும் விதியும் பாதி வழியில் கைவிட்டுவிடும். தொலைபேசி அழைப்புக்கு 'மேக் எ கால்', முயற்சிக்கு 'மேக் அன் எஃபர்ட்', சேதத்துக்கு 'டூ டேமேஜ்', வியாபாரத்துக்கு 'டூ பிசினஸ்'. இவற்றில் எது உருவாக்கம், எது செயல் என்று பிரித்துக் காட்ட முடியாது.

ஆகவே விதியைத் தேடுவதை விட்டு வழக்கைப் பார்ப்பதுதான் வழி. அப்படிப் பார்க்க இன்று இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் கற்பவருக்கு மிக எளிதானது ஸ்கெல். ஸ்கெட்ச் எஞ்சின் ஃபார் லேங்குவேஜ் லேர்னிங் என்பதன் சுருக்கம்.

அகராதி நிறுவனங்கள் காசு கொடுத்துப் பயன்படுத்தும் ஸ்கெட்ச் எஞ்சின் என்ற பெரிய மென்பொருளின் சின்னத் தம்பி இது. ஆடம் கில்காரிஃப் தொடங்கிய லெக்சிகல் கம்ப்யூட்டிங் நிறுவனமும் செக் நாட்டு மசாரிக் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து 2004-ல் பெரியதை உருவாக்கினார்கள். மாணவர்களுக்கான ஸ்கெல் 2014-ல் வந்தது. செய்தி, விக்கிப்பீடியா, புனைகதை, ஆய்வுக் கட்டுரை, வலைப்பக்கம் எல்லாம் கலந்த 100 கோடிச் சொற்களுக்கு மேற்பட்ட தரவகம், அதாவது தேடிப் பார்க்கத் திரட்டிய எழுத்துத் தொகுப்பு, இதன் அடியில் இருக்கிறது. கணக்குத் தொடங்க வேண்டாம், கட்டணம் இல்லை.

தேடல் பெட்டியோடு மூன்று பிரிவுகள் இருக்கும். முதலாவது எக்ஸாம்பிள்ஸ். கேட்ட சொல்லுக்கு அதிகபட்சம் 40 வாக்கியங்கள் தரும். மிக நீளமானவை, அரைகுறையானவை, அரிய சொற்கள் நிறைந்தவை எல்லாம் இயந்திரத்தாலேயே கழித்துக் கட்டப்பட்டு, ஓரளவு படிக்கக்கூடியவை மேலே வரும். இரண்டாவது வேர்ட் ஸ்கெட்ச். ஒரு சொல்லோடு அதிகம் சேரும் சொற்களை இலக்கண உறவின்படி தனித்தனிப் பத்தியாகப் பிரித்துக் காட்டும். மூன்றாவது சிமிலர் வேர்ட்ஸ். அது ஒத்த பொருள் தேடுவோருக்கு. இந்த வேலைக்கு அவ்வளவாகப் பயன்படாது.

உயிர்நாடி வேர்ட் ஸ்கெட்ச்தான். ஆனால் பெரும்பாலோர் அதைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். 'மேக்' எங்கெங்கே வரும் என்று தெரிய வேண்டும், ஆகவே 'மேக்' என்று தட்டெழுதித் தேடுகிறார்கள். வருவது ஒரு கலவைச் சாதம். மிஸ்டேக், டிசிஷன், டிஃபரன்ஸ், சென்ஸ், ப்ராக்ரஸ் போன்றவை பொருளுக்குப் பொருள் சம்பந்தமில்லாமல் வரிசைகட்டும், பத்துப் பதினைந்தோடு பட்டியலும் முடிந்துவிடும். மேக்கோடு சேரும் பெயர்ச்சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்க, உங்களுக்கு வேண்டியது அந்தப் பதினைந்துக்குள் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். எழுதும்போது நம் கையில் முதலில் இருப்பதும் பெயர்தான். 'முடிவு' என்பது தெரியும், அதற்கான வினை தெரியாது, அவ்வளவுதானே சிக்கல்? 'டிசிஷன்' என்று கொடுத்து வேர்ட் ஸ்கெட்சைத் திறந்தால், அதைச் செயப்படுபொருளாகக் கொள்ளும் வினைகள் ஒரு பத்தியில் நிற்கும். மேக் இருக்கும், கூடவே டேக், ரிவர்ஸ், ஓவர்டர்ன், அப்ஹோல்ட் என்று முடிவை மாற்றுவது, ரத்து செய்வது, உறுதிசெய்வது வரை கிடைக்கும். பக்கத்துப் பத்தியில் ஃபைனல், டஃப், டிஃபிகல்ட், இன்ஃபார்ம்டு மாதிரியான அடைகள். ஒரே தேடலில் முடிவு எடுப்பது, கடினமான முடிவு எடுப்பது, எடுத்த முடிவைத் திரும்பப் பெறுவது மூன்றுக்கும் சொல் கிடைத்துவிடுகிறது.

ஒரே எழுத்துக்கூட்டல் பெயராகவும் வினையாகவும் இருந்தால், எது அதிகம் வருகிறதோ அதைத்தான் தளம் முதலில் காட்டும். 'டவுட்', 'ரிசர்ச்', 'ரிஸ்க்' போன்றவற்றைத் தேடும்போது மேலே பெயர் என்று இருக்கிறதா, வினை என்று இருக்கிறதா என ஒரு கண் பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் 'பட்டியலே தப்பு' என்று விட்டுப்போகிறவர்கள் உண்டு.

இனி முக்கியமான எச்சரிக்கை. வேர்ட் ஸ்கெட்ச் சொற்களின் மூல வடிவத்தை மட்டும் காட்டும். நடுவில் 'எ' வருமா, 'த' வருமா, ஒன்றுமே வராதா, ஒருமையா பன்மையா என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. 'மேக்' பத்தியில் எஃபர்ட்டும் ப்ராக்ரஸும் அடுத்தடுத்து நிற்கும். ஆனால் முன்னதற்கு 'அன்' வேண்டும், 'மேக் அன் எஃபர்ட்'. பின்னதற்குக் கூடாது, வெறும் 'மேக் ப்ராக்ரஸ்'. 'டேக் ப்ளேஸ்' என்றால் நடைபெறுதல், நடுவில் 'த' சேர்த்து 'டேக் த ப்ளேஸ் ஆஃப்' என்றால் இன்னொன்றின் இடத்தைப் பிடித்தல். நடவடிக்கை எடுப்பது என்ற பொருளில் 'டேக் ஸ்டெப்ஸ்' பெரும்பாலும் பன்மையில்தான் வரும், ஒருமையில் 'டேக் எ ஸ்டெப்' என்றால் ஓர் அடி எடுத்து வைப்பது. 'டூ ஹோம்வொர்க்', 'டூ ரிசர்ச்' இரண்டிலும் வருபவை எண்ண முடியாத பெயர்கள். அவற்றுக்கு முன் 'எ' போடுவதும், ரிசர்ச்சைப் பன்மையாக்குவதும் நம்மூர் ஆய்வேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் பிழைகள்.

தீர்வு எளிது. பட்டியலில் உள்ள சொல்லைச் சொடுக்கினால் அந்த இணை வரும் வாக்கியங்கள் திறக்கும். குறைந்தது ஐந்தையாவது படியுங்கள். மூன்றைப் பாருங்கள்: பெயருக்கு முன்னால் என்ன நிற்கிறது, பெயர் ஒருமையா பன்மையா, பெயருக்குப் பின்னால் எந்த முன்னிடைச்சொல் வருகிறது. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். 'மேக் எ காண்ட்ரிப்யூஷன்' என்றால் 'டு', 'டேக் ப்ரைட்' என்றால் 'இன்', 'டேக் அட்வாண்டேஜ்' என்றால் 'ஆஃப்', 'பே அட்டென்ஷன்' என்றால் 'டு'. இணையை மட்டும் குறித்துக்கொண்டு இதை விட்டுவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது.

வினையோடு பெயர்ச்சொல் சேர்வதில் பெயரிலிருந்து தொடங்கு என்றோம். வினையோடு அடைச்சொல் சேரும் இடத்தில் இந்த அறிவுரை அப்படியே திரும்பும், வினையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் 'ஆகிவிட்டது' என்ற ஒரு தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஏழெட்டு வினைகள் போட்டி போடுகின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கூட்டம் வைத்திருக்கிறது.

'கெட்' பொதுவானது. டயர்டு, ஆங்ரி, ரெடி, மேரிட், லாஸ்ட் என்று பேச்சில் எதையும் ஏற்கும். 'டர்ன்' நிறத்துக்கும் வானிலைக்கும் சுவைக்கும் உரியது, இலை டர்ன்ஸ் யெல்லோ, காற்று டர்ன்ஸ் கோல்டு, பால் டர்ன்ஸ் சவர். 'க்ரோ' மெல்ல மெல்ல நிகழ்வதற்கு, க்ரோ ஓல்டு, க்ரோ இம்பேஷண்ட். 'ஃபால்' மிகச் சிலவற்றையே ஏற்கும், ஃபால் அஸ்லீப், ஃபால் இல், ஃபால் சைலண்ட். 'கம்' விசித்திரமானது. நல்லதும் வரும், கட்டவிழ்வதும் வரும், கம் ட்ரூ, கம் அலைவ் ஒரு பக்கம், கம் லூஸ், கம் அன்டன் மறுபக்கம். 'ரன்' என்றால் பெரும்பாலும் தீர்ந்துபோகும் விஷயங்கள், ரன் ட்ரை, ரன் ஷார்ட், ரன் லோ.

எல்லாவற்றையும்விட ருசியானது 'கோ'. ஸ்கெல்லில் 'கோ' வினையின் வேர்ட் ஸ்கெட்சைத் திறந்து அடைச்சொற்கள் இருக்கும் பத்தியைப் பாருங்கள். ராங், மிஸ்ஸிங், பேங்க்ரப்ட், பேட், க்ரேஸி வகையறா. பெரும்பாலும் கெடுவதும் தொலைவதும்தான். தமிழ்க்காரருக்கு இது புதிதாகவே இருக்கக்கூடாது. கெட்டுப்போ, காணாமல் போ, நொடித்துப்போ, வெளிறிப்போ என்று நம் 'போ'வும் துணைவினையாக வரும்போது விரும்பாத மாற்றத்தைத்தான் அதிகம் சுமக்கிறது. 'கோ பேட்' கெட்டுப்போவது, 'கோ மிஸ்ஸிங்' காணாமல் போவது. இரண்டு மொழிகளும் தொடர்பே இல்லாமல் ஒரே வினையை இந்த வேலைக்கு அமர்த்தியிருப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாகவே இருக்கிறது. 'கோ வைரல்', 'கோ பப்ளிக்', 'கோ க்ரீன்' போன்ற கெடுதல் இல்லாதவையும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

இந்த ஒற்றுமையை அளவோடுதான் நம்பலாம். களைத்துப்போனேன் என்பதற்கு 'கோ டயர்டு' கிடையாது, 'கெட் டயர்டு'தான். பயந்துபோனேன் 'கெட் ஸ்கேர்டு'. சர்க்கரை தீர்ந்துபோனால் 'ரன் அவுட்'. தமிழ் 'போ' வரும் இடமெல்லாம் 'கோ' வராது. சந்தேகம் வந்தால் எக்ஸாம்பிள்ஸ் பிரிவில் 'வென்ட் ப்ளைண்ட்' ஒரு தடவை, 'காட் ப்ளைண்ட்' ஒரு தடவை என்று தேடுங்கள். மேலே பத்து லட்சம் சொற்களுக்கு எத்தனை முறை வருகிறது என்ற எண் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு நிமிடத்தில் விடை தெரியும்.

இப்படித் தொடராகத் தேடும்போது ஒரு குறை உண்டு. கொடுத்த சொற்கள் அடுத்தடுத்து நின்றால்தான் அகப்படும். 'மேக் எ டிசிஷன்' என்று தேடினால் நடுவில் 'டிஃபிகல்ட்' புகுந்த வாக்கியம் வராது. ஆகவே எண்ணை ஒப்பிடத் தொடர்த் தேடல், இணையைக் கண்டுபிடிக்க வேர்ட் ஸ்கெட்ச் என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

வினை, பெயர், அடை மூன்றும் சேரும் அமைப்பு இன்னொன்று இருக்கிறது. 'லீவ் த டோர் ஓபன்', 'கீப் யுவர் ஹேண்ட்ஸ் க்ளீன்', 'ட்ரைவ் சம்ஒன் மேட்', 'ஹோல்டு சம்ஒன் ரெஸ்பான்ஸிபிள்'. வினைக்கும் அடைக்கும் நடுவே பெயர் உட்கார்ந்துகொள்ளும். இங்கே ஸ்கெல் பலவீனம்தான். எந்த அடை எந்த வினையோடு சேர்கிறது என்பதை இயந்திரம் சில நேரம் தவறாகக் கணிக்கிறது, அடை பெயரோடு ஒட்டியதாகக் காட்டிவிடுகிறது. பட்டியலில் ஏதாவது வினோதமாகத் தெரிந்தால் வாக்கியங்களைத் திறந்து பார்க்காமல் நம்பாதீர்கள். சொல்வகை குறிப்பதும் உறவைப் பிரிப்பதும் முழுக்க இயந்திர வேலை, மனிதர் யாரும் சரிபார்த்தது இல்லை.

அடுத்த குறை இதைவிடப் பெரியது. ஒரு வழக்கு எந்த நாட்டினுடையது, பேச்சா எழுத்தா என்று ஸ்கெல் சொல்லாது. 'டேக் எ டிசிஷன்' தப்பு என்று பல பயிற்சி மையங்களில் அடித்துத் திருத்துகிறார்கள். அது தப்பே இல்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் மேக், டேக் இரண்டும் உண்டு, அமெரிக்கர்கள் ஏறக்குறைய மேக் மட்டுமே சொல்வார்கள். 'ஹேவ் எ பாத்' பிரிட்டன், 'டேக் எ பாத்' அமெரிக்கா. தேர்வு எழுதுவதற்குப் பிரிட்டனில் 'சிட் அன் எக்ஸாம்' கேட்கும், 'டேக் அன் எக்ஸாம்' இரு நாட்டிலும் செல்லும். ஸ்கெல் இவற்றை ஒரே கூடையில் கொட்டித் தருகிறது. ஒரே கட்டுரையில் இரண்டு நாட்டு வழக்கையும் கலந்து எழுத இதுவே காரணமாகிவிடும்.

அங்கே இன்னொரு தளம் வேண்டும். மார்க் டேவிஸ் உருவாக்கிய தரவகங்கள் 'இங்கிலிஷ் கார்ப்பரா' தளத்தில் இருக்கின்றன. பதிவு செய்ய வேண்டும், இலவசக் கணக்குக்கு ஒரு நாளைக்கு இத்தனை தேடல் என்ற வரம்பு உண்டு. அமெரிக்க ஆங்கிலத்துக்கான கோக்கா 1990 முதல் 2019 வரையிலான 100 கோடிச் சொற்களைப் பேச்சு, புனைகதை, நாளிதழ், ஆய்வு என எட்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. 'கோ' என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அடைச்சொல்லுக்கான ஏ, டி, ஜே என்ற மூன்றெழுத்தையும் பெரிய எழுத்தில் அடித்தால், கோ, வென்ட், கான் எல்லாவற்றுக்கும் அடுத்து வரும் அடைச்சொற்கள் எண்ணிக்கையோடு வரிசையாக வரும். ஸ்கெல்லில் பத்துப் பதினைந்தோடு நின்ற பட்டியல் இங்கே நீண்டுகொண்டே போகும். க்ளோப் என்பது 20 நாடுகளின் வலைப்பக்கங்களிலிருந்து திரட்டிய 190 கோடிச் சொற்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் தனித்தனிப் பத்தி உண்டு. நம்மூரில் மட்டும் ஓடும் நாணயம் எது, உலகெங்கும் செல்வது எது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் இடைமுகம் ஆய்வாளர்களுக்கானது, முதல் நாளே இங்கே வந்தால் மிரண்டுவிடுவீர்கள். ஸ்கெல்லில் இரண்டு வாரம் பழகிவிட்டு வருவது உத்தமம்.

ஸ்கெல் யாருக்கு ஏற்றது? கல்லூரி மாணவர், ஆய்வேடு எழுதுபவர், மொழிபெயர்ப்பாளர், ஆங்கில ஆசிரியர், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிறவர். ஐஇஎல்டிஎஸ்ஸில் எழுத்துக்கும் பேச்சுக்கும் தரும் மதிப்பெண்ணில் நாலில் ஒரு பங்கு சொல்வளத்துக்கு, அதில் சொற்சேர்க்கையும் பார்க்கப்படுகிறது. அரிய சொற்களை மனப்பாடம் செய்து திணிப்பதைவிட, தெரிந்த 200 பெயர்ச்சொற்களுக்கு உரிய வினையும் அடையும் கற்பது அங்கே அதிகம் பலிக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது ஏற்றதல்ல. வாக்கியங்கள் செய்தி நடையிலும் கலைக்களஞ்சிய நடையிலும் இருக்கும், தமிழ்ப் பொருளோ உச்சரிப்போ கிடையாது. வீட்டுப் பேச்சு வழக்கும் குறைவு. நிறுவன வழக்கு எளிதில் கிடைக்கும், பாத்திரம் கழுவுவதற்கு 'டூ த டிஷஸ்' என்பது அவ்வளவு எளிதில் கண்ணில் படாது.

குறித்துக்கொள்ள ஒரு முறை. நோட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு பெயர்ச்சொல். நடுவில் 'மிஸ்டேக்' என்று எழுதுங்கள். இடப்பக்கம் வினைகள்: மேக், அட்மிட், கரெக்ட், ரிப்பீட். வலப்பக்கம் அடைகள்: சீரியஸ், காஸ்ட்லி, சில்லி, ஹானஸ்ட். அடியில் ஸ்கெல்லில் கண்ட ஒரு வாக்கியத்தை முழுசாக, 'எ', 'த' விடாமல். ஒரு நாளைக்கு ஐந்து பெயர் போதும். பத்துக்கு மேல் போனால் பட்டியல்தான் சேரும், கை பழகாது.

கடைசியாக, இந்தத் தளத்தை வைத்து முதலில் தேடிப் பார்க்க வேண்டியது 'டவுட்'. வகுப்பில் 'சார், ஒரு டவுட்' என்று தொடங்கி 'ஆஸ்க் எ டவுட்' வரை நம் ஆங்கிலத்தில் ஊறிப்போன சொல். பெயர்ச்சொல்லாகத் தேர்ந்து வேர்ட் ஸ்கெட்சைத் திறந்து பாருங்கள். ஹேவ், காஸ்ட், ரெய்ஸ், எக்ஸ்ப்ரெஸ் போன்ற வினைகள்தான் அதன் துணை. 'ஆஸ்க்' அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. வாக்கியங்களைப் படித்தால் காரணம் தெரியும். ஆங்கில 'டவுட்' நம்பிக்கைக் குறைவு, நம் 'டவுட்' விளங்காத இடம். ஒருவர் பேசி முடித்ததும் எழுந்து 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால், நீங்கள் சொன்னதில் எனக்கு நம்பிக்கையில்லை என்று வெளிநாட்டவர் எடுத்துக்கொள்ளக்கூடும். வினையை மட்டும் மாற்றிப் பயனில்லை, பெயரையே மாற்ற வேண்டும்: 'ஐ ஹேவ் எ க்வெஸ்ச்சன்'.